மெல்லப் பாடத் தொடங்கும் மகளுக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு என்னால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "கார்ப்பெண்டர்ஸ் பாட்டெல்லாம் வந்து அரை நூற்றாண்டு ஆச்சே பெரியம்மா, இன்னும் எப்படி அலுக்காம இருக்கு?" என்றாய். நீயும் உன் அண்ணனும் சேர்ந்து அடுத்த மாதம் முதன்முதலாக மேடை ஏறப்போவதாகவும் சொன்னாய். நீ கேட்டதும் சொன்னதும் ஒரே விஷயம்தான் என்று இரவு படுத்த பிறகுதான் எனக்குப் பட்டது.

கார்ப்பெண்டர்ஸும் ஓர் அண்ணனும் தங்கையும்தான். ரிச்சர்ட் 1946இல் பிறந்தவர், கேரன் 1950இல். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூ ஹேவன் என்ற ஊர். 1963இல் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போய், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டவுனி என்ற ஊரில் குடியேறியது. அண்ணன் பியானோ, தங்கை டிரம்ஸும் பாட்டும். எங்கள் வீட்டிலும் அண்ணன் ஆர்கன், நான் பாட்டு. பாளையங்கோட்டையில் கோயில் பாடகர் குழுவிலும் கல்யாண வீடுகளிலுமாக முப்பது வருஷம் ஓடியது. அவர்களிடமிருந்து நான் கற்றதையும், கற்கத் தவறி இடறி விழுந்ததையும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன். இடறிய கல்லைக் காட்டுவதும் ஒரு சீதனம்தானே.

1. உன் குரல் எங்கே உட்காருகிறதோ, அங்கேயே பாடு.

பெண் குரல் என்றால் உயரத்தில் பறக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் நான் வளர்ந்தேன். என் குரலோ கீழே கனத்து நிற்கும். ஆல்டோ வரிசையில் நிற்க வெட்கப்பட்டு, சோப்ரானோவில் முண்டியடித்துப் பாடினேன். இரண்டே வருஷத்தில் தொண்டை புண்ணாகி, பேசுவதற்கே டாக்டர் தடை போட்டார். 1974இல் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, ஒரு தோழி இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். பழுப்பு நிறத்தில், தபால் உறையைப் போல அட்டை. 1971இல் வந்த கார்ப்பெண்டர்ஸ் ஆல்பம் அது. முதல் பாட்டு 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்'. ஹார்மோனிகா ஒரு பெருமூச்சுப் போல வந்து ஓய, கேரனின் குரல் கீழ்ஸ்தாயியில் இறங்கி, ஈர மண்ணில் கால் வைப்பதுபோல மெல்ல நடந்தது. அழுதுவிட்டேன். என் குரலை ஒத்த குரலை அதற்குமுன் நான் இசைத்தட்டில் கேட்டதே இல்லை. ரிச்சர்ட் தன் தங்கையின் அந்த அடிக்குரலைக் கண்டறிந்து, அது துலங்குகிற சுருதியில் பாட்டுகளை அமைத்தார். நீயும் முதலில் உன் வீட்டைக் கண்டுபிடி. அடுத்தவள் மாடியைப் பார்த்து ஏங்கிக் கழுத்தை ஒடித்துக்கொள்ளாதே.

2. மென்மைக்காக வெட்கப்படாதே.

1970ஐ நினைத்துப் பார். வியட்நாமில் போர், அமெரிக்கத் தெருக்களில் மாணவர் போராட்டம், மேடைகளில் எலெக்ட்ரிக் கிடாரின் இடிமுழக்கம். அந்தக் கோடையில் 'குளோஸ் டு யூ' என்ற மெல்லிய பாட்டு நான்கு வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. விமர்சகர்கள் பலர் வெறும் சர்க்கரைப் பாகு என்று எள்ளினார்கள். அந்த ஏளனத்தை நானும் காதில் போட்டுக்கொண்டேன். விடுதியில் ராக் கேட்கும் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் முன்னால் அந்தப் பழுப்புத் தட்டைப் போர்வைக்குள் ஒளித்துவைத்து, எனக்கும் அதெல்லாம் பிடிக்காது என்று சொன்னேன். பிடித்த ஒன்றைப் பிடிக்காது என்று சொன்ன அந்தப் பொய் பல வருஷம் உறுத்தியது. 1994இல் கார்ப்பெண்டர்ஸுக்கு மரியாதை செய்யும் ஓர் ஆல்பம் வந்தது. இரைச்சலையே தன் மொழியாகக் கொண்ட சோனிக் யூத் என்ற குழு அதில் 'சூப்பர்ஸ்டார்' பாட்டைப் பாடியது. முழக்கம் தெரிந்தவர்களுக்கே மென்மையின் வலு தெரிந்திருக்கிறது. உனக்கு எது இனிக்கிறதோ அதைத் தலைநிமிர்ந்து பாடு.

3. தாளம் உன் எலும்புக்குள் இறங்கட்டும்.

கேரனைப் பாடகியாக மட்டும் அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அவர் தன்னை முதலில் ஒரு டிரம்மராகத்தான் நினைத்துக்கொண்டார். டவுனி உயர்நிலைப் பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் அவருக்கு முதலில் கொடுத்தது குளோக்கன்ஸ்பீல், சுத்தியால் தட்டும் மணிப்பலகை. அவர் மனமோ பக்கத்தில் முழங்கிய டிரம்ஸில் ஓடியது. அந்த நாளில் டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். பிடிவாதமாகக் கற்றார். பிறகு ஆயிரக்கணக்கானோர் முன்னால் வாசித்துக்கொண்டே பாடினார். அவர் சொற்கள் தாளத்தின் முதுகில் சாய்ந்து, அவசரமே இல்லாமல் வந்து விழுவதைக் கவனி. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கைக்குத் தெரிந்ததால்தான் குரலுக்கும் தெரிந்தது. என் அண்ணன் பிராக்டிஸில் திடீரென்று வாசிப்பை நிறுத்திவிடுவான். நான் பாடிக்கொண்டே போவேன். நான்கு வரி கழித்து அவன் மறுபடி கட்டையை அழுத்தும்போது, நான் அரைத் தாளம் முன்னால் ஓடிப்போயிருப்பேன். கோபம் கோபமாக வரும். இன்று நீ உன் அண்ணனிடம் கேட்டு அதையே செய்யச் சொல். ஓடுகிறவளுக்கு மூச்சு வாங்கும், நடக்கிறவளுக்குத்தான் வழி தெரியும்.

4. நல்ல பாட்டு எந்த வாசல் வழியாகவும் வரும்.

இன்றும் உலகமெங்கும் கல்யாணங்களில் ஒலிக்கிற 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு வங்கி விளம்பரத்தில். கலிபோர்னியாவின் குரோக்கர் வங்கிக்காக பால் வில்லியம்ஸ் எழுத, ரோஜர் நிக்கோல்ஸ் இசையமைத்தது. புதுமணத் தம்பதி காரில் ஏறிப் போகிற அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த ரிச்சர்டுக்கு, அந்தச் சிறு துண்டுக்குள் ஒரு முழுப் பாட்டின் மூச்சு கேட்டது. 'ஃபார் ஆல் வீ நோ' அவர் தியேட்டரில் படம் பார்த்தபோது காதில் விழுந்தது. 'சிங்' குழந்தைகளுக்கான செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியின் பாட்டு. 'குளோஸ் டு யூ'வையே 1963இல் ரிச்சர்ட் சேம்பர்லின் என்ற நடிகர் பாடியிருந்தார். தட்டின் பின்பக்கத்தில் அது கவனிப்பாரில்லாமல் கிடந்தது. நான் அப்படிக் கேட்கத் தெரியாதவளாக இருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் சமையல்கட்டிலிருந்து ஓர் ஆச்சி வந்து, தான் சின்ன வயதில் கேட்ட ஒரு தாலாட்டைப் பாடச் சொன்னார். எங்கள் பட்டியலில் இல்லை என்று முகத்தைச் சுளித்தேன். அவர் தானே இரண்டு அடி பாடிக் காட்டிவிட்டுப் போனார். இன்றுவரை அந்த மெட்டை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. பாட்டுக்கு ஜாதகம் பார்க்காதே.

5. முதல் தோல்விக்கு நிறையப் பொறுமை வை.

1966இல் ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் ரிச்சர்டின் மூவர் குழு வென்றது. டிரம்ஸில் பதினாறு வயது கேரன். வெற்றி கையில் வந்த பிறகும் மூன்று வருஷம் கதவுகள் திறக்கவில்லை. ஜோ ஆஸ்பர்ன் என்ற பேஸ் கிடார் கலைஞரின் கார் ஷெட்டில் இருந்த சிறு ஸ்டூடியோவில் பாடிப் பாடிப் பதிவு செய்தார்கள். 1969 ஏப்ரலில்தான் ஏ அண்ட் எம் நிறுவனத்தின் ஹெர்ப் ஆல்பர்ட் அவர்களை ஒப்பந்தம் செய்தார். அந்த வருஷமே வந்த முதல் ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. அதிலிருந்த பீட்டில்ஸ் பாட்டு ஒன்று பட்டியலில் 54ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. ஆல்பர்ட் கைவிடவில்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார், அதிலிருந்துதான் 'குளோஸ் டு யூ' வந்தது. எங்கள் முதல் கச்சேரியில் பாதி நாற்காலி காலி. வீட்டுக்கு வந்து இனி பாடவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். வந்திருந்த பாதிப் பேருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது. காலி நாற்காலியை எண்ணாதே. வந்து உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பாடு.

6. பின்னால் இருப்பவரை மறவாதே.

இதை உன்னிடம் தனியாகச் சொல்ல ஆசை. உன் அண்ணன் கீபோர்டுக்குப் பின்னால் இருப்பான், விளக்கு வெளிச்சம் உன்மேல் விழும். கேரனின் குரலை உலகம் கொண்டாடியது. அந்தக் குரல் நடக்கப் பாதை போட்டவர் ரிச்சர்ட். அவர்களுடைய அப்பா ஆசை ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளில் லெஸ் பால், மேரி ஃபோர்டு தம்பதியின் பாட்டுகள் இருந்தன. ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து கூட்டமாக்குகிற வித்தையைச் சிறுவனாக இருந்தபோதே ரிச்சர்ட் அதில் கேட்டுவிட்டார். பிறகு அண்ணனும் தங்கையும் அதையே செய்தார்கள். நான்கு பாகமாக ஓர் இசைவை அமைத்து, ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு மூன்று தடவை பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். இரண்டு பேர் தொண்டை பன்னிரண்டு குரலாக விரிந்தது. 'குளோஸ் டு யூ' முடியும் இடத்துக்குப் போ. பாட்டு ஓய்ந்துவிட்டது என்று நீ நினைக்கும்போது ஒரு சின்ன மௌனம். அதன்பின் அந்தக் குரல்கள் எல்லாம் ஒரே அலையாக எழுந்து வரும். அந்த ஒரு மௌனத்தை அங்கே வைக்க எவ்வளவு காது வேண்டும்!

என் அண்ணன் என் பாட்டுப் புத்தகத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருப்பான். மூச்சு எடுக்க வேண்டிய இடங்கள். நான் மேடைக்கு வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். ஒரு நாளாவது திரும்பி, ஆர்கன் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். முப்பது வருஷத்தில் எண்ணி நாலு தடவை செய்திருப்பேன். அவன் போய் பதினொரு வருஷம் ஆகிறது. நீ முதல் மேடையிலேயே திரும்பிப் பார்.

7. உன்னை நேசிப்பவர்கள் கோபித்தாலும், பாட்டு கேட்பதைக் கொடு.

மெல்லப் பாடுகிறவர்கள் பயந்தவர்கள் என்று எண்ணிவிடாதே. பிங் கிராஸ்பி நடித்த பழைய படம் ஒன்றில் ஒரு பாட்டின் பெயரை மட்டும் சொல்வார்கள், பாட்டு வராது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ரிச்சர்ட் 'குட்பை டு லவ்' என்று ஒரு பாட்டை அமைக்க, அவர் கல்லூரி நண்பர் ஜான் பெட்டிஸ் எழுதினார். 1972இல் வந்தது. காதலே தனக்கு வாய்க்காது என்று விடைகொடுக்கிற ஒரு பெண்ணின் பாட்டு. அழுகையில் முடிய வேண்டிய இடத்தில், ரிச்சர்ட் டோனி பெலூசோ என்ற இளைஞரைக் கூப்பிட்டுக் கரகரப்பான எலெக்ட்ரிக் கிடாரை வாசிக்கச் சொன்னார். பெலூசோ முதலில் தயங்கி மெல்ல வாசித்தாராம். இல்லை, மெட்டைத் தொட்டுவிட்டுப் பிறகு கொளுத்து என்றாராம் ரிச்சர்ட். ரசிகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வந்தன. ஆனால் அந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லாத ஆத்திரத்தையெல்லாம் அந்தக் கிடார்தான் சொல்கிறது. பின்னால் வந்த எத்தனையோ சோகப் பாட்டுகளுக்கு அது வழி காட்டியது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் அண்ணன் பறையை ஒரு பாட்டுக்குச் சேர்க்கலாம் என்றான். பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று நான்தான் தடுத்தேன். அந்தப் பாட்டு இன்றும் என் நினைவில் அரைகுறையாகத்தான் இருக்கிறது.

8. ஆயத்தம் ஆழமாக இருக்கட்டும், பாடும்போது கை லேசாக இருக்கட்டும்.

'சூப்பர்ஸ்டார்' பாட்டைக் கேரன் முதன்முதலாகப் பாடிப் பார்த்தபோது, காகிதக் கைத்துடைப்பில் எழுதிவைத்த வரிகளைப் பார்த்துத்தான் பாடினார். மற்றவர்கள் வாசிப்பதற்கு ஒரு வழிகாட்டியாகத்தான் அன்று அவர் குரல் கொடுத்தது. இசைத்தட்டில் நாம் கேட்பது அந்தக் குரலைத்தான். அதைவிட நன்றாக வராது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இதைக் கேட்டு, ஒத்திகையே வேண்டாம் என்று நினைத்துவிடாதே. அந்த ஒரு தடவைக்குப் பின்னால் கார் ஷெட்டில் கழிந்த இரவுகளும், லாங் பீச் கல்லூரிப் பாடகர் குழுவில் ஃபிராங்க் பூலர் என்ற ஆசிரியரிடம் கற்ற வருஷங்களும் நின்றன. அதே பூலர் இளமையில் எழுதிவைத்த வரிகளுக்கு ரிச்சர்ட் மெட்டுப் போட, 'மெர்ரி கிறிஸ்துமஸ் டார்லிங்' 1970இல் வெளிவந்து ஊரெல்லாம் பாடியது. ஆனாலும் இன்னும் நன்றாகப் பாட முடியும் என்று தோன்ற, 1978இல் கிறிஸ்துமஸ் ஆல்பம் செய்தபோது கேரன் அதைத் திரும்பப் பாடினார். ஒன்றில் முதல் தடவையே போதும் என்று விட்டார், இன்னொன்றில் எட்டு வருஷம் கழித்தும் திரும்பி வந்தார். எதை விட வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்று தெரிவதுதான் பக்குவம். நான் எல்லாவற்றையும் திருத்தித் திருத்தி, பாட்டிலிருந்த உயிரைத் துடைத்தெடுத்த நாட்கள் உண்டு. துவைத்தாலும் நிறம் போகாதபடி துவை.

9. குரலைச் சுமக்கிற உடம்பைப் பட்டினி போடாதே.

மகளே, இதை எழுதும்போது கை நிதானமாக இல்லை. கேரன் 1983 பிப்ரவரி 4ஆம் தேதி இறந்தார். வயது 32. பசியையும் உணவையும் பகையாக்கிவிடுகிற அனொரெக்ஸியா என்ற நோய் அவர் இதயத்தை ஓயவைத்தது. 1975லேயே அவர் மெலிந்து துவண்டதால் இங்கிலாந்து, ஜப்பான் பயணங்களை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அந்த நோய்க்குப் பெயர் உண்டு, மருத்துவம் உண்டு என்றுகூட அன்று பலருக்குத் தெரியாது. அவர் மறைவுக்குப் பிறகுதான் ஊர் உலகம் அதைப் பற்றி வாய்திறந்து பேசியது. ரிச்சர்டும் தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, 1979இல் சிகிச்சை எடுத்து மீண்டவர். புகழின் உச்சத்தில் இருவருமே உள்ளுக்குள் தவித்திருக்கிறார்கள்.

என் குழுவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். இருபது வயது. ஒரு வருஷத்தில் பாதியாக இளைத்தாள். "எவ்வளவு அழகா மெலிஞ்சிட்டே, சேலை இப்பதான் உனக்கு நிக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பாராட்டு என்றுதான் நினைத்தேன். அவள் குழுவினரோடு சாப்பிட உட்காருவதில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் ஒத்திகையில் மயங்கி விழுந்து, மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைந்து மீண்டாள். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். "அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு இன்னும் குறைக்கணும்னு கேட்டுச்சு அக்கா" என்று பல வருஷம் கழித்துச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுக்க எனக்கு வழியில்லை. எனவே உனக்குச் சொல்கிறேன். யாருடைய உடம்பைப் பற்றியும், உன்னுடையதைப் பற்றியும்கூட, மேடைக்காக ஒரு சொல் பேசாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கூடப் பாடுகிறவள் சாப்பாட்டைத் தள்ளினால், அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, டாக்டரிடம் கூட்டிப் போ. பாட்டு நாளைக்கும் இருக்கும்.

10. ஒருவருக்காகப் பாடு. காலம் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கேரனின் குரல் ஆயிரம் பேர் கூடிய அரங்கிலும் ஒரே ஒருவர் காதருகில் பேசுவதுபோல இருக்கும். 'டாப் ஆஃப் தி வேர்ல்டு' போன்ற சந்தோஷப் பாட்டிலும் அந்தக் குரலின் ஓரத்தில் ஒரு மெல்லிய நிழல் இருக்கும். நம்முடைய சந்தோஷத்திலும் அப்படி ஒரு நிழல் உண்டு. அதனால்தான் அவர் பாடுவதை நாம் நம்புகிறோம். 1976இல் 'ஐ நீட் டு பீ இன் லவ்' என்று ஒரு பாட்டு வந்தது. கேரனுக்கு மிகவும் பிடித்த பாட்டு என்று ரிச்சர்ட் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் அது 25ஆவது இடத்துக்கு மேல் ஏறவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து, 1995இல், ஜப்பானில் இளைஞர்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் அந்தப் பாட்டும் 'டாப் ஆஃப் தி வேர்ல்டு'ம் ஒலித்தன. கேரன் பாடிய காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் கடைகளுக்கு ஓடி அவர்களுடைய தொகுப்பை வாங்கினார்கள். பாடியவர் போய் அப்போது பன்னிரண்டு வருஷம்.

1973இல் வந்த 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' ஞாபகம் இருக்கிறதா? வானொலியில் பழைய பாட்டுகளைக் கேட்டு உருகுகிற ஒருவரின் பாட்டு. இன்று அதுவே யாரோ ஒருவரை உருக்கும் பழைய பாட்டாகிவிட்டது. 2018இல் ரிச்சர்ட் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தி, தங்கையின் பழைய குரலுக்குப் புதிய வயலின்களைச் சேர்த்தார். எழுபது தாண்டிய அந்த அண்ணனை நினைத்துப் பார். சுற்றிலும் எல்லாம் மாறியிருக்கிறது. நடுவில் அந்தக் குரல் மட்டும் இருபதுகளிலேயே நின்று பாடிக்கொண்டிருக்கிறது. அவர் அதன் பக்கத்தில் இன்னும் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்.

அலுக்காததன் காரணம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பாட்டுகளில் கடினமானதெல்லாம் முன்பே செய்து முடிக்கப்பட்டுவிட்டது. கேட்கிறவர் சுமக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை. அடுக்கிய பன்னிரண்டு குரலும், எண்ணிய தாளமும், நேரம் பார்த்து வைத்த மௌனமும் உள்ளே இருக்க, மேலே ஒரு பெண் சும்மா பேசுவதுபோலப் பாடுகிறாள். பாடுபட்டது தெரியாமல் பாடுவதற்கே அவ்வளவு பாடும்.

இத்துடன் என் பழைய பாட்டுப் புத்தகத்தை அனுப்புகிறேன். அட்டை கிழிந்திருக்கும், பத்திரமாகப் புரட்டு. உன் பெரிய மாமா போட்ட பென்சில் கோடுகள் அதில் இருக்கின்றன, சில மங்கிவிட்டன. அவை என் மூச்சுக்கு அளந்து போட்டவை, உனக்குப் பொருந்தாது. உன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் மூச்சு எங்கே நிற்கிறது என்று அவனைக் கேட்கச் சொல். பிறகு அவன் கையாலேயே புதிதாகக் கோடு போடச் சொல். பென்சில் ஒன்றும் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா